ஜின் கிளாஸில் இருக்கிற கசப்பு யாருடையது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. "குடிக்காதே தம்பி" என்று புத்தி சொல்லும் கட்டுரையும் இல்லை. எங்கள் கூட்டத்தில் குடிப்பவர்களும் உண்டு, வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர்களும் உண்டு. இலங்கையில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம், அதையும் ஞாபகப்படுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

எங்களில் ஒருத்தன் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவில் வேலை செய்கிறான். பங்களா இப்போது விடுதி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்கி, பனிமூட்டத்தைப் போட்டோ எடுத்து, தேயிலை மலையில் நடந்துவிட்டுப் போவார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளைப் போட்டு எல்லாருக்கும் ஒரு கிளாஸ் கொடுப்பது அங்கே வழக்கம். ஜின், டானிக், ஒரு துண்டு தேசிக்காய், மேலே இரண்டு சொட்டு பிட்டர்ஸ். கொடுக்கும்போது சொல்ல வேண்டிய கதையையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: "அந்தக் காலத்துத் துரைமார் மலேரியா வராமல் இருக்கக் கண்டுபிடித்த பானம் இது."

ஒருநாள் ஒரு வயதான அம்மா, ரொம்ப மரியாதையாகத்தான், கேட்டிருக்கிறார்: "உங்கள் தாத்தாவும் இதைக் குடித்திருப்பாரா?"

அவன் சிரித்துவிட்டு ட்ரேயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். இராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்: "தாத்தா லயத்துல இருந்தாரு. பங்களா படி ஏறியிருப்பாரான்னே தெரியாது. இதுக்கு என்னடா பதில் சொல்றது?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தோம். தேடத் தேட, அந்த ஒரு கிளாஸுக்குள் நம்ம ஊவாவே கிடக்கிறது என்று தெரிந்தது.

கிளாஸில் என்ன இருக்கிறது?

செய்வது ரொம்பச் சுலபம். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ் போட வேண்டும். ஐஸ் குறைந்தால் சீக்கிரம் கரைந்து பானம் தண்ணியாகிவிடும். அதில் ஜின் 40, 45 மில்லிலிட்டர். அதைப்போல மூன்று மடங்கு டானிக், கிளாஸின் ஓரமாக மெதுவாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரைத்து வாயு எல்லாம் போய்விடும். தேசிக்காயை இலேசாகப் பிழிந்து, தோலையும் உள்ளே போடலாம். கடைசியில் இரண்டு சொட்டு பிட்டர்ஸ். ஒரே ஒருமுறை கரண்டியால் கிண்டினால் போதும்.

முதலில் வாயில் இனிப்புத் தெரியும், பிறகு புளிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும். சாப்பாட்டுக்கு முன்னால் இதைக் கொடுப்பதற்குக் காரணமே அந்தக் கசப்புதான். கசப்புப் பட்டால் வாயில் எச்சில் ஊறும், பசி கிளம்பும் என்பது உலகமெங்கும் உள்ள பழைய நம்பிக்கை. பிரான்சில் 1846இல் டுபோனே என்ற கசப்பு வைன் வந்தது, இத்தாலியில் 1860இல் கம்பாரி வந்தது. நம்ம வீட்டில் விருந்தென்றால் இலையில் பாகற்காயோ வேப்பம்பூவோ வைப்பார்களே, அதிலும் இந்த யோசனை கொஞ்சம் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊர் உண்டு. ஜினுக்கு வாசம் கொடுப்பது ஜூனிபர் என்ற ஐரோப்பியக் குளிர்நாட்டுச் செடியின் காய். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட சரக்கு அது. இப்போது இலங்கையிலேயே கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து ஜின் வடிக்கிறார்கள். பிட்டர்ஸ் தென்னமெரிக்கச் சரக்கு. சீகெர்ட் என்ற ஜெர்மன் டாக்டர், 1824இல் வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரத்தில் படைவீரர்களின் வயிற்றுக் கோளாறுக்குச் செய்த மருந்து அது. பிறகு கடற்படை அதிகாரிகள் அதை ஜினில் விட்டு இளஞ்சிவப்பாக்கிக் குடித்தார்கள். மலாயாவில் அதற்கு "ஜின் பாஹிட்" என்று பெயர். பாஹிட் என்றால் மலாய் மொழியில் கசப்பு. அங்கே ரப்பர்த் தோட்டத்துத் துரைமார் அதைக் குடித்தபோது, வெளியே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்ததும் நம்மைப் போலக் கப்பலேறிப் போன தமிழர்கள்தான்.

மிச்சம் இருப்பது டானிக். அதன் கசப்புக்குப் பெயர் குயினைன். நம்ம பெரியவர்கள் வாயில் அது "கொயினா". இந்தக் கதையில் ஊவா வருவது இந்த இடத்தில்தான்.

பட்டை வந்த வழி

கொயினா, சிங்கோனா என்ற மரத்தின் பட்டையில் இருக்கிறது. அந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை. பட்டைத்தூள் காய்ச்சலுக்கு நல்லது என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. 1820இல் பெலத்தியே, காவெந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு அது அளந்து கொடுக்கக்கூடிய மருந்தானது.

பேரரசுகளுக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது. ஏன் என்பதற்கு நம்ம மாகாணமே சாட்சி. 1817, 1818இல் ஊவா வெல்லஸ்ஸவில் மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொன்றதில் ஆயுதத்தை விடக் காய்ச்சலின் பங்கு அதிகம். காய்ச்சல் எப்படி வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்று நினைத்தார்கள். கொசுதான் காரணம் என்பது 1897இல் ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்தில் செய்த ஆராய்ச்சியில்தான் உறுதியானது. காரணம் தெரியாமலே மருந்து மட்டும் கையில் இருந்த காலம் அது. அந்த மருந்தும் அடுத்தவன் நாட்டு மரத்தில் இருந்தது.

1860 வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தலைமையில் போன குழு அந்தீஸிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வெளியே கொண்டுவந்தது. அவற்றில் ஒரு பங்கு நீலகிரிக்குப் போனது. ஊட்டி, நடுவட்டம் பக்கம் சிங்கோனாத் தோட்டம் போட்டார்கள், அங்கே சீனக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். இன்னொரு பங்கு இலங்கைக்கு வந்தது. அதை வளர்க்க 1861இல் திறந்த தோட்டம்தான் ஹக்கல. ஆமாம், ஏப்ரல் மாதம் பூ பார்க்கப் போகிறோமே, அதே ஹக்கலப் பூங்கா. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்கு வரும் பஸ்ஸில், சீதை அம்மன் கோயிலைத் தாண்டியதும் வருமே, அதுதான். ரோசாப்பூவுக்காகத் தொடங்கிய இடம் இல்லை அது, காய்ச்சல் மருந்துக்காகத் தொடங்கிய இடம்.

மடுல்சீமையில் ஆரம்பித்த வியாதி

ஆனால் தொடக்கத்தில் தோட்டக்காரர்கள் சிங்கோனாவைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்போது எல்லாருக்கும் காப்பிப் பைத்தியம். பதுளை, ஹாலிஎல, ஹப்புத்தளை, மடுல்சீமை என்று ஊவா மலையெல்லாம் காப்பி. இன்று நாம் தேயிலை மலை என்று சொல்லும் பல மலைகளில் முதலில் காடு வெட்டி வைத்தது காப்பியைத்தான். அதை வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம்ம ஆட்கள்.

1869இல் மடுல்சீமையில் ஒரு காப்பித் தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் மஞ்சள் தூள் மாதிரி ஒன்று படிந்திருப்பதைப் பார்த்தார்கள். இலங்கையில் காப்பித் துரு நோய் முதலில் பதிவானது இங்கே, நம்ம பதுளை மாவட்டத்தில்தான். ஒரு பூஞ்சை அது. பார்ப்பதற்குச் சாதுவாக இருந்த அந்த மஞ்சள் தூள் பத்துப் பதினைந்து வருடத்தில் நாட்டின் காப்பித் தொழிலையே விழுத்திவிட்டது. தோட்டங்கள் கைமாறின, கம்பெனிகள் முறிந்தன. வேலைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது.

பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இந்த இடத்தில் ஒரே தாவாகத் தேயிலைக்குப் போய்விடுவோம். "காப்பி அழிந்தது, தேயிலை வந்தது." நடுவில் ஒரு பத்து வருடம் காணாமல் போகிறது. அந்தப் பத்து வருடத்தில் பல துரைமாரைக் காப்பாற்றியது சிங்கோனா.

அப்போது லண்டனில் குயினைன் ஓர் அவுன்ஸ் பன்னிரண்டு ஷில்லிங் அளவுக்கு விற்றது. செத்துக்கொண்டிருந்த காப்பிச் செடிகளுக்கு இடையிலேயே சிங்கோனாக் கன்று வைத்தார்கள். 1883 வாக்கில் இலங்கையில் சிங்கோனா 60,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. 1886இல் ஏற்றுமதியான பட்டை 1.5 கோடி இறாத்தலுக்கும் அதிகம். அதே 1886இல்தான் ஊவா தனி மாகாணமாக உருவாக்கப்பட்டது. நம்ம மாகாணம் பிறந்த வருடம், பட்டை ஏற்றுமதியின் உச்சத்து வருடங்களில் ஒன்று.

1.5 கோடி இறாத்தல் பட்டை தானாக உரியாது. அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சில தோட்டங்களில் மரத்தை வெட்டிச் சாய்த்து, கிளை, தண்டு எல்லாவற்றிலும் பட்டையைக் கழற்றினார்கள். சில இடங்களில் வேரோடு பிடுங்கி வேர்ப்பட்டையையும் எடுத்தார்கள், அதில் கொயினா அதிகம். இன்னும் சில இடங்களில் மரத்தைச் சாகடிக்காமல், பட்டையின் மேல்பகுதியை மட்டும் சீவி எடுத்தார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் பட்டுவிடும். மெல்லிய கை வேலை. பிறகு வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டி, அனுப்ப வேண்டும். ரயில் ஹப்புத்தளைக்கு வந்ததே 1893இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல். அதுவரை மூட்டை போனது தலையிலும் மாட்டுவண்டியிலும்தான்.

இந்தக் காலம் ரொம்ப நாள் ஓடவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்துச் சந்தையில் கொட்டியதால் விலை சரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பன்னிரண்டு ஷில்லிங் ஒன்றிரண்டு ஷில்லிங்காகக் குறைந்தது. இன்னொரு பக்கம் ஜாவாவில் ஒல்லாந்தர் கொயினா மிகவும் அதிகமாக உள்ள ஓர் இனத்தை வளர்த்துவிட்டார்கள். அந்த விதையைப் பொலிவியாவில் தேடி எடுத்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரிக்காக எடுத்துக் கொடுத்தார். ஆங்கில அரசு வேண்டாம் என்றது, ஒல்லாந்தர் வாங்கினார்கள். மரத்துக்கு லெட்ஜரின் பெயரை வைத்தார்கள். மமானியை விதை கடத்தியதற்காகப் பிடித்து அடித்துச் சிறையில் போட்டார்கள், அந்த அடியிலேயே அவர் செத்துப்போனார். நம்ம ஊவாக் கதைக்கும் அவர் கதைக்கும் ஆயிரக்கணக்கான மைல் தூரம். ஆனாலும் படித்தபோது யாரோ நம்ம சொந்தக்காரர் மாதிரி இருந்தது.

ஊவாவில் சிங்கோனா மரங்களை வெட்டி எறிந்துவிட்டுத் தேயிலை வைத்தார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதென்ன தோட்டத்தை வாங்கியபோது, பட்டைக் காலம் கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது.

அது மருந்தாக இருந்ததா?

இப்போது விடுதியில் சொல்லும் கதைக்கு வருவோம். "மலேரியா வராமல் இருக்கக் கண்டுபிடித்த பானம்."

பாதிதான் உண்மை. வெப்பநாடுகளில் இருந்த ஆங்கிலேயர்கள் கொயினாவைத் தண்ணீரிலோ வைனிலோ கலந்து குடித்தது உண்மை. ஆனால் டானிக் வேறு சரக்கு. 1858இல் எராஸ்மஸ் போண்ட் என்பவர் லண்டனில் உரிமம் எடுத்து விற்க ஆரம்பித்த வாயு பானம் அது. பசிக்கும் செரிமானத்துக்கும் நல்லது என்று சொல்லி விற்றது. 1870களில் ஷ்வெப்ஸ் கம்பெனியும் இறங்கியது. ஜினையும் டானிக்கையும் சேர்த்துக் குடித்ததாகக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று 1868இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு விளையாட்டு இதழில் இருக்கிறது. அங்கே யாரும் காய்ச்சலோடு படுத்திருக்கவில்லை. குதிரைப் பந்தயம் முடிந்து ஆட்கள் கேட்ட பானம்!

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. மலேரியா வந்த பெரிய ஆளுக்குக் கொயினா கொடுப்பதென்றால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம், நாளைக்கு மூன்று தடவை, ஏழு நாள். இன்றைய டானிக்கில் அமெரிக்கச் சட்டப்படி ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 83 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு மருந்து வேண்டுமென்றால் நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் டானிக் குடிக்க வேண்டும். ஜினோடு சேர்த்துக் குடித்தால் மலேரியாவுக்கு முன்னால் வேறு ஏதாவதில் ஆள் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். துரை பங்களா இருந்தது உயரமான மலையில், குளிரில். மலேரியா அதிகம் இருந்தது கீழே: வெல்லஸ்ஸ, பிபிலை, மொனராகலைப் பக்கம், வடக்கே வன்னியும் வறண்ட காடும். அப்படியானால் காய்ச்சலுக்கு நடுவில் நின்றது யார்?

ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சனம்தான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் சுமார் 150 மைல் காட்டு வழி. கங்காணி முன்னால் நடக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். குளத்துத் தண்ணீர், கொசு, பசி, வாந்திபேதி. வழியிலேயே விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போன கதைகள் எல்லா லயத்திலும் உண்டு. மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்கு இன்னும் மலை மலையாக நடை பாக்கி. காய்ச்சலோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்து, வந்த கொஞ்ச நாளில் செத்தவர்கள் பலர். தோட்டத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 1872இல்தான். காப்பிக் காலம் தொடங்கி ஐம்பது வருடம் ஆகப்போகும் நேரத்தில்.

அந்த நடையில் பிழைத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் பிறகு மலையில் நின்று சிங்கோனாப் பட்டை உரித்தார்கள். காய்ச்சலைப் பட்டவர்கள் கையால் உரித்த காய்ச்சல் மருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. அதில் ஒரு சிறு பங்கு சீனியும் வாயுவும் சேர்ந்து, போத்தலில் அடைபட்டு, டானிக் என்ற பெயரில் குடியேற்ற நாடுகளின் வராந்தாக்களுக்குத் திரும்பியது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டை விலை விழுந்தது துரைமாருக்கு நட்டம், ஏழைகளுக்கு நன்மை. மருந்து மலிந்தது. 1890களில் வங்காளத்தில் தபால் கந்தோரிலேயே காசுக்கு ஒரு பொட்டலம் கொயினா விற்றார்கள். ஆனாலும் மருந்து மலிவாக இருப்பதும் ஆளுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. 1934, 1935இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாக வந்தபோது சுமார் 80,000 பேர் செத்தார்கள். அதிகம் அடிபட்டது கேகாலை, குருணாகல் பக்கம். அரசாங்கத்தின் கை எட்டாத கிராமங்களுக்குக் கொயினாவையும் சாப்பாட்டையும் கொண்டுபோனவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் உண்டு. பிறகு லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியதும் அந்தக் கூட்டம்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்த நாளுக்கு வர இவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்.

பங்களாவும் தவறணையும்

ஆறு மணிக்கு வருவோம். பங்களாவில் விளக்கேற்றும் நேரம் லயத்திலும் விளக்கேற்றும் நேரம்தான். மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, தண்ணீர் தூக்கி, அடுப்பு மூட்டி, அம்மாக்கள் உட்காரவே எட்டு மணியாகிவிடும். பங்களாவில் துரை குளித்து உடுப்பு மாற்றி வராந்தாவில் உட்காருவார். அப்பு ட்ரேயில் கிளாஸைக் கொண்டுவந்து வைப்பார். சனி, ஞாயிறு என்றால் கிளப். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. எத்தனையோ வருடம் அங்கே இலங்கையர் எவரும் உறுப்பினராக முடியாது. ட்ரே தூக்கலாம், உட்கார முடியாது.

அதே நேரத்தில் தோட்டத்து எல்லையில் தவறணை திறந்திருக்கும். சாராயக் குத்தகையும் கள்ளுக் குத்தகையும் குடியேற்ற அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. 1912இல் கலால் சட்டத்தை மாற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசு கிளம்பியபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. தோட்டத்தில் நாள் முழுக்க உழைத்த சம்பளத்தில் ஒரு பங்கு தவறணை வழியாக அரசாங்கத்துக்கே திரும்பிப் போனது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது துரைமார் எழுதிய அறிக்கைகளில் நம்மைப் பற்றி என்ன எழுதினார்கள் தெரியுமா? கூலி என்றால் குடிகாரன்.

துரை குடித்தால் அதற்குப் பெயர் ருசி, பழக்கம், நாகரிகம். தொழிலாளி குடித்தால் அது குணக்கேடு. இன்றைக்கும் அந்தப் பார்வை போகவில்லை. விடுதி விளம்பரத்தில் ஆறு மணி ஜின் "பாரம்பரியம்". லயத்துப் பையன் கையில் போத்தல் இருந்தால் "தோட்டக்காட்டான் புத்தி".

அதற்காகத் தவறணைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. சாராயத்தாலும் கசிப்பாலும் தோட்டங்களில் போன உயிர் எத்தனை, உடைந்த குடும்பம் எத்தனை என்பது எங்கள் வீடுகளுக்கே தெரியும். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் தெரியும். அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். வேடிக்கை என்னவென்றால் சட்டமும் அவர்களையே கட்டுப்படுத்தியது. 1979இல் வந்த உத்தரவின்படி பெண்களுக்கு மது விற்கக் கூடாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். குடித்துவிட்டு வந்து அடிப்பவனைத் தடுக்க இவ்வளவு வேகமாக யாரும் உத்தரவு போட்டதாக ஞாபகமில்லை.

குடியைப் பற்றிப் பேசும்போது குடிப்பவனின் சாதியையும் வர்க்கத்தையும் பார்த்து அளவுகோலை மாற்றக் கூடாது. எங்கள் வாதம் அவ்வளவுதான். பங்களா ஜின்னுக்கு வரலாறு இருக்கிறதென்றால், அந்த வரலாற்றில் பட்டை உரித்தவர்களுக்கும் இடம் வேண்டும்.

அந்த அம்மாவுக்கான பதில்

இந்தக் கட்டுரைக்காக எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "சிங்கோனா தெரியுமா?" என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. "கொயினா தெரியுமா?" என்று மாற்றிக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. பசறைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் சொன்னார்: "தெரியாம என்ன? காய்ச்சல்னா டிஸ்பென்சரியில கொயினாத் தண்ணி குடுப்பாங்க. மூக்கப் புடிச்சி வாயில ஊத்துவாங்க. அந்தக் கசப்பு ரெண்டு நாளைக்கு நாக்கு விட்டுப் போகாது. காதுக்குள்ள ஙொய்ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்."

பாட்டி சொன்னது மருத்துவப்படியும் சரி. கொயினா அதிகமானால் காதில் இரைச்சல் கேட்கும்.

இதை அப்படியே நண்பனுக்கு அனுப்பினோம். அவனும் வீட்டில் விசாரித்திருக்கிறான். அவன் தாத்தா சின்ன வயதில் மொனராகலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கொஞ்ச காலம் இருந்தவராம், அங்கே காய்ச்சல் வந்து இதே கொயினாத் தண்ணி குடித்துத்தான் பிழைத்தாராம். அவன் அம்மாவுக்கே அது இவ்வளவு நாள் சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

இப்போது அவன் கிளாஸ் கொடுக்கும்போது சொல்லும் கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. இந்தக் கசப்பு ஒரு மரப்பட்டையிலிருந்து வருவது, அந்த மரம் ஒரு காலத்தில் இந்த மலைகளிலும் நின்றது, பட்டையை உரித்தவர்கள் எங்கள் ஆட்கள் என்று சொல்கிறான். சிலர் தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விடுகிறார்கள். சிலர் உட்காரச் சொல்லி மிச்சத்தையும் கேட்கிறார்கள்.

அந்த வயதான அம்மா திரும்பி வரமாட்டார். வந்து அதே கேள்வியைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது என்கிறான்: "ஆமாம், என் தாத்தாவும் குடித்தார். ஜின் இல்லாமல், ஐஸ் இல்லாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு."